மூக்கு சார் மாட்டிய குழாய்

மூக்கு சாருடைய மூக்கு ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. கண்ணாடி வழுக்கி விழாமல் தாங்கும், அவ்வளவுதான். அந்தப் பெயர் வந்தது அவர் பார்த்த வேலையால். கார் விற்கும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில், வாசலுக்கு நேரே இருக்கும் கவுண்டரில் அவர் உட்கார்ந்திருப்பார். வண்டியில் கோளாறு என்று யாராவது வந்தால் எழுந்து வந்து பானெட்டைத் திறக்கச் சொல்வார். குனிவார். ஒரு மூச்சு இழுப்பார். நிமிர்ந்து, "இது எங்க பார்ட் இல்லையே" என்பார். அத்தோடு அந்த வண்டியின் வாரண்டி காலி.

வண்டிக்கு வேகம் கூட்டுகிறேன் என்று ஆளாளுக்கு ஆன்லைனில் எதையாவது வரவழைத்து, வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காற்று வடிகட்டியை மாற்றுவார், இன்னொருவர் சைலன்சரை மாற்றுவார். ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் ஒன்றும் தெரியாதவர்களைப் போலக் கம்பெனிக்கு வருவார்கள். அவ்வளவு எண்ணெய் நாற்றத்துக்கும் சூட்டு நாற்றத்துக்கும் நடுவில், வெளியே வாங்கிய ரப்பரின் நாற்றத்தை மூக்கு சார் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவார். அவர் சொன்ன தீர்ப்பு ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

வெறுமனே முடியாது என்று சொல்லி அனுப்புவது அவருக்குப் பிடிக்காது. வந்தவரின் தொழிலுக்கு ஏற்றபடி ஒரு கேள்வி தயாராக வைத்திருப்பார். தையல்காரர் வந்தால், "நீங்க தைச்ச சட்டையை நான் வீட்ல பிரிச்சுப் போட்டுட்டு, அளவு சரியில்லன்னு வந்தா வாங்கிப்பீங்களா?" வக்கீல் வந்தால், "உங்க கட்சிக்காரரே எந்திரிச்சு வாதாடிட்டு, தோத்ததும் உங்களைத் தேடி வந்தா?" பெரும்பாலும் ஆட்கள் பானெட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரே ஒருவரிடம்தான் அது எடுபடவில்லை. அவர் ஒரு பல் டாக்டர்.

"டாக்டர், இதை யாரு மாட்டினது?"

"நான்தான். வீடியோ பார்த்து மாட்டினேன். ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நான் வீட்ல வீடியோ பார்த்து என் கடைவாய்ப் பல்லை நானே பிடுங்கிட்டு, ரத்தம் நிக்கலன்னு உங்ககிட்ட ஓடி வந்தா என்ன பண்ணுவீங்க?"

டாக்டர் ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தார். "வைத்தியம் பண்ணுவேன் சார். அதுக்குத்தானே கிளினிக் திறந்து வச்சிருக்கேன்?"

மூக்கு சாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கவுண்டர் கவுண்டர்தான். "கம்பெனி பண்ணாது, டாக்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தார் என்று கேட்டால்தான் விஷயம். அவருடைய வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஞாயிறு காலை சாப்பிட்டு முடித்ததும் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு அதற்குள் போய்விடுவார். தன் சொந்தக் காரின் பானெட்டைத் திறந்து, கம்பெனி பார்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானே செய்த ஒரு காற்றுக் குழாயை அதில் மாட்டி, கழற்றி, தேய்த்து, மறுபடியும் மாட்டிக்கொண்டிருப்பார்.

என்ஜினுக்கும் நம்மைப் போல மூச்சு வேண்டும். காற்று எவ்வளவு தடையில்லாமல் உள்ளே போகிறதோ அவ்வளவு வலு. கம்பெனி கொடுத்த குழாய் மூன்று இடத்தில் மடங்கி மடங்கிப் போகும். மூக்கு சார் தகட்டை வளைத்து, பற்றவைத்து, ஒரே ஒரு வளைவோடு ஒரு குழாயைச் செய்திருந்தார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வழவழப்புக்குள்தான் போயிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பெனியின் கறுப்புப் பெட்டிக்குள்ளேயே அது அடங்கிவிடும். புது ரப்பர் ஒரு துண்டுகூடக் கிடையாது. தன் மூக்கையே ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்த வேலை அது.

அவரும் முதலில் மெக்கானிக்காக இருந்தவர்தான். வாய் சாமர்த்தியம் இருக்கிறது, சட்டை அழுக்காகாமல் பார்த்துக்கொள்கிறார் என்று யாரோ கண்டுபிடித்து, பதவி உயர்வு என்று சொல்லிக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் கை நகங்கள் வெள்ளையாகிவிட்டன. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மாசம் பொறுத்தார். அப்புறம் கொட்டகையைக் கட்டினார்.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் வண்டிகளைக் கம்பெனியில்தான் சர்வீஸுக்கு விட வேண்டும். அதில் வெளி பார்ட் ஏதாவது இருந்தால், அன்றைக்கே வேலை போய்விடும். பேச்சே கிடையாது. அதனால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் முந்தின நாள் மூக்கு சார் தன் குழாயைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டு, பழைய கம்பெனிக் குழாயை மாட்டிவிடுவார். அங்கேயும் ஒரு வம்பு. அலமாரியில் இருந்த குழாய் சுத்தமாக இருக்கும். மாசக்கணக்கில் ஓடிய வண்டியில் சுத்தமான குழாய் இருந்தால் எவனும் சந்தேகப்படுவான். அதற்காக வடிகட்டியைத் தட்டும்போதெல்லாம் விழும் தூசியை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். பழைய குழாயை மாட்டியதும், பவுடர் போடும் பஞ்சால் அந்தத் தூசியை எடுத்து மேலே ஒற்றுவார்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். நாள் முழுக்க வண்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலும் வண்டி என்றால் எப்படி இருக்கும்?

"ஊர்ல எல்லாரும் தூசியைத் துடைக்கிறாங்க. என் வீட்டுக்காரர் டப்பாவுல சேர்த்து வைக்கிறார்" என்றாள் ஒரு நாள், கொட்டகை வாசலில் நின்று.

"மெதுவாப் பேசும்மா. பக்கத்து வீட்டுல காது வச்சிருக்காங்க."

"எனக்கு ஒரு பவுடர் வேணுமான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? வண்டிக்கு மட்டும் மேக்கப். மாட்டிக்கிட்டா வேலை போயிடும்னு தெரியுதில்ல? அப்புறம் எதுக்கு இந்த ஆசை?"

"இது ஆசை இல்ல."

"பின்ன?"

அவர் கொஞ்ச நேரம் குழாயைத் துணியால் துடைத்தார். "வாரம் முழுக்க மத்தவங்க செஞ்சதை வேண்டாம்னு சொல்லிட்டே இருக்கேன். ஒரு நாளாவது நானே எதையாவது செய்யணும்ல?"

அவள் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

ஆக, ஒவ்வொரு சர்வீஸிலும் மூக்கு சாருடைய வண்டி பளிச்சென்று தேறியது. ஒரு நட்டுகூட மாறாத வண்டி என்று பட்டறையே புகழ்ந்தது. அந்தப் புகழ்தான் கடைசியில் அவர் கழுத்தைப் பிடித்தது.

கம்பெனி ஒரு வேகக் கிட் விற்றுக்கொண்டிருந்தது. ஒரு குழாய், ஒரு வடிகட்டி, கதவில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர். அது விலை போகவில்லை. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். மூக்கு சாரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். நின்ற இடத்தில் நிற்க மாட்டார்.

"ஆன்லைன்ல வாங்கி அவங்களே மாட்டிக்கிறாங்க. நாம சும்மா இருந்தா நாளைக்கு என்ஜினையே வீட்ல செஞ்சுக்குவாங்க. சனிக்கிழமை கஸ்டமர்ஸைக் கூப்பிட்டு நேர்லயே காட்டப்போறோம். வேற கையே படாத ஒரு வண்டி. முதல்ல அதோட வலுவை அளக்கிறோம். அவங்க கண்ணு முன்னாடி நம்ம கிட்டை மாட்டுறோம். திரும்ப அளக்கிறோம். முடிஞ்சது! கை படாத வண்டி யார்கிட்ட இருக்கு?"

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"சார், உங்க வண்டிதான்!" மேனேஜர் கையை நீட்டினார். "சாவி கொடுங்க."

மூக்கு சார் பையிலிருந்த சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வண்டி வெளியே நிற்கிறது. உள்ளே அவருடைய குழாய் இருக்கிறது. "சனிக்கிழமை காலைல நானே கொண்டு வந்துடறேனே" என்றார்.

"இல்ல சார், இப்பவே கொடுங்க. பாலிஷ் போடணும்."

"ரொம்ப அழுக்கா இருக்கு, வெட்கமா இருக்கும். நான் கழுவிட்டு..."

"கழுவத்தானே சார் எடுக்கிறோம்!"

சாவி போய்விட்டது. போதாக்குறைக்கு மேனேஜருக்கு இன்னொரு யோசனை வந்தது. இடையில் யாரும் தொடவில்லை என்று கஸ்டமர்கள் நம்ப வேண்டும் அல்லவா? பானெட்டின் இரண்டு மூலையிலும் கம்பெனி முத்திரை போட்ட தாளை ஒட்டி, வண்டியை ஷோரூம் கண்ணாடிக்குள் நிறுத்திவிட்டார்கள். மூக்கு சார் தன் கவுண்டரிலிருந்தே அதைப் பார்க்கலாம். பார்க்க மட்டும்தான் முடியும்.

அன்று மாலை அவர் பஸ்ஸில் வீடு திரும்பினார். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு வேன் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"முன்னாடியே போய்ச் சொல்லிடுங்க. அவங்களா கண்டுபிடிக்கிறதைவிட அது மேல்."

"சொன்னா வேலை போயிடும்."

"சொல்லலைன்னா?"

"அப்பவும் போயிடும்."

"அப்புறம் என்ன? எப்படியும் போற வேலைதானே, மரியாதையாப் போகட்டுமே."

அவர் மூன்று தடவை மேனேஜர் அறை வரைக்கும் போனார். மூன்று தடவையும் மேனேஜர் போனில் இருந்தார். உண்மையைச் சொன்னால், போனில் இருக்கிறாரா என்று கண்ணாடி வழியாகப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர் போனார்.

சனிக்கிழமை வந்தது. பட்டறை நடுவில் நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். வண்டியின் முன் சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றினார்கள். வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். அதன் வலு எதிரே திரையில் ஒரு கோடாக எழும். கம்பெனி புத்தகத்தில் சொன்ன வலு முன்கூட்டியே ஒரு சாம்பல் கோடாகப் போடப்பட்டிருந்தது.

என்ஜின் உறுமியது. சிவப்புக் கோடு எழுந்தது. சாம்பல் கோட்டைத் தொட்டது, தாண்டியது, மேலே போய்க்கொண்டே இருந்தது.

மேனேஜருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் மேனேஜர். "பார்த்தீங்களா!" என்று கத்தினார். "வருஷக்கணக்கா ஓடின வண்டி! நம்ம சர்வீஸை மட்டும் பார்த்த வண்டி! புதுசைவிட அதிகமா இழுக்குது!"

எல்லோரும் கைதட்டினார்கள். மூக்கு சாரும் தட்டினார். அந்தக் கோடு அவ்வளவு உயரம் போகும் என்று அவருக்கே தெரியாது. கொட்டகையில் உருளை இயந்திரம் ஏது? பயத்துக்கு நடுவிலும் அவருக்கு உள்ளுக்குள் என்னவோ பொங்கியது. யாராவது பக்கத்தில் திரும்பி, இது யார் வேலை என்று கேட்க மாட்டார்களா என்றிருந்தது.

ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக், முத்திரைத் தாளைக் கிழித்துப் பானெட்டைத் திறந்தான். கறுப்புப் பெட்டியின் மூடியை எடுத்தான். அப்படியே நின்றான். மூக்கு சார் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே" என்றான் அவன் உதடு அசையாமல். "இந்தப் பத்தவைப்பு யார் பண்ணது?"

"ஏன்டா?"

"எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சுதுன்னே தெரியலையே."

அவன் குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். கம்பெனி கிட்டை மாட்டினான். மறுபடி என்ஜின் உறுமியது. இந்தத் தடவை நீலக் கோடு. சாம்பலைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய், சிவப்புக்கு ரொம்பக் கீழேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

யாரும் கைதட்டவில்லை.

"அப்ப கிட் போட்டா வலு குறையுமா?" என்றார் பல் டாக்டர். சொல்லிக்கொண்டே எழுந்து வந்து மேஜையிலிருந்த குழாயை எடுத்து, கிளினிக்கில் வாய்க்குள் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். "அடேயப்பா. மேனேஜர் சார், இது உங்க பார்ட் இல்லையே?"

மேனேஜரின் முகம் வெளுத்தது. ஆனால் இது மாதிரி நேரத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்று அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். "சார், நீங்கதான் சொல்லணும். இது நம்ம பார்ட்டா, வெளி பார்ட்டா?"

குழாய் மூக்கு சாருடைய கைக்கு வந்தது. நம்ம பார்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். அவர் மூக்கு சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. ஆனால் அப்படிச் சொன்னால், ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் எவனோ முகம் தெரியாத ஒருவன் தொழிற்சாலையில் செய்ததாகிவிடும். அவர் தொண்டையைச் செருமினார்.

"வெளி பார்ட்தான்" என்றார். "வீட்ல செஞ்சது. நான் செஞ்சேன். நானே மாட்டினேன்."

மூக்கு சார் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். அப்போது பல் டாக்டர் கேட்டார்: "எனக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

"எனக்கும்" என்றது பின்வரிசை. "எனக்கு ரெண்டு. தம்பி வண்டிக்கும் வேணும்."

மேனேஜர் கூட்டத்தைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பாய்ந்து வந்து அட்டையை மூக்கு சார் கழுத்திலேயே மறுபடி மாட்டினார். "நம்ம ஆள் செஞ்சா அது நம்ம பார்ட்தான் சார்! இதுல என்ன வெளி, உள்ளே?"

வேலை போகவில்லை. பாராட்டுக்கூடக் கிடைத்தது. அவரிடம் குழாயின் அளவுகளை வாங்கிக்கொண்டு, எப்படி மாட்டுவது என்று எழுதித் தரச் சொன்னார்கள். தொழிற்சாலையில் வார்த்து, கம்பெனி முத்திரை குத்தி, கொஞ்ச நாளில் விற்பனைக்கே வந்துவிட்டது. அமோகமாகப் போயிற்று.

அதோடு சில புது விதிகளும் வந்தன. குழாய் இனிமேல் கம்பெனியின் சொத்து. வெளியில் யாரும் அதைச் செய்யக் கூடாது. கம்பெனி ஆட்களும் வீட்டில் செய்யக் கூடாது, அதிலும் முக்கியமாக மூக்கு சார். கொட்டகையைக் காலி செய்துவிடுவதாக அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்கள். வீட்டிலேயே அதே மாதிரி செய்து மாட்டிக்கொண்டு யாராவது வந்தால், மூக்கு சார்தான் எழுந்துபோய் முகர்ந்து பார்த்து வாரண்டியை ரத்து செய்தார். அவரைவிட அந்தக் குழாயை யாருக்கு நன்றாகத் தெரியும்?

அவருடைய சொந்த வண்டியில் இருந்த குழாயை மாதிரிக்கு என்று எடுத்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. வேண்டுமென்றால் முறைப்படி பதிவு செய்து பட்டறையில் மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அவரும் பதிவு செய்தார். வரிசையில் அவர் முறை வந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு, கஸ்டமர்கள் உட்காரும் அறைக்குப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் வேலை செய்துகொண்டிருந்தான். நட்டு முறுக்கும் காற்றுத் துப்பாக்கியை எடுத்து, குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் வைத்து, டர்ர்ர் என்று ஒரே இழுப்பு.

மூக்கு சார் துள்ளி எழுந்து கதவைத் திறந்துகொண்டு ஓடினார். "டேய், டேய்! அதுல துப்பாக்கி வைக்காதடா! கையால முறுக்கணும்னு எழுதியிருந்தேனே?"

"எழுதியிருந்தீங்கண்ணே. மேல மாத்திட்டாங்க. கையால முறுக்கினா ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க முடியாதாம்." அவன் குரல் தாழ்ந்தது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மஞ்சக் கோட்டைத் தாண்டிக் கஸ்டமர் வரக் கூடாது."

அவர் கீழே பார்த்தார். இரண்டு காலும் கோட்டுக்கு உள்ளே இருந்தன. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சோபாவுக்குத் திரும்பினார்.

பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பழைய கார் ஒன்று வைத்திருந்தார். "அந்தக் குழாயைப் பத்தி விசாரிக்கத்தான் வந்தேன்" என்றார். "எனக்கு நானே மாட்டிப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. பையன் திட்டுறான், கம்பெனிலயே விடுங்கம்மாங்கிறான். நீங்க என்ன நினைக்கிறீங்க? உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"உங்க வண்டிக்கு வாரண்டி இருக்காம்மா?"

"அது முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு."

மூக்கு சார் கவுண்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த ஆள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அவர் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"கையைக் கொடுங்க. இல்ல, வலது கை. இந்த ரெண்டு விரல் போதும். குழாயை இறுக்க ஒரு வளையம் இருக்கும், அதைத் திருப்பிட்டே வாங்க. விரல் வலிக்கிற வரைக்கும் போகக் கூடாது. இனிமே வலிக்கும்னு தோணும் பாருங்க, அங்க நிறுத்திடணும்."

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தார். "இவ்வளவா?"

"இன்னும் துளி. ஆங், அங்க. அவ்வளவுதான்."

"நல்லா சொல்லிக் கொடுக்கிறீங்களே. நீங்க மெக்கானிக்கா?"

"இல்லம்மா" என்றார் அவர். "நானும் கஸ்டமர்தான். எங்க, இன்னொரு தடவை திருகுங்க, பார்க்கலாம்."